விசில் ஊதும்வரை

1912, ஜூலை 1, திங்கள்

கல்லூரி திறந்தது. கணக்குப் பேராசிரியர் பிளெய்க் துரை என்னைக் கால்பந்தாட்டக் குழுவுக்குச் செயலாளன் ஆக்கினார். கூடவே ஒரு டைரியும் தந்து தினம் எழுத வேண்டும் என்றார். எந்த பாஷையில் என்று சொல்லவில்லை. தமிழில் எழுதினால் துரை படிக்க மாட்டார், அது ஒரு சௌகரியம்.

முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதுவது வழக்கமாம். பெயர் பஞ்சநதம், ஊர் திருவையாறு, வயது பத்தொன்பது. நாகப்பட்டினத்தில் விடுதி வாசம், இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். குழுவில் வலது ஹாஃப். மார்ச்சில் பரீட்சை முடிந்தால் தாலுகா கச்சேரியில் உட்கார வேண்டியதுதான், மாமனார் சொல்லி வைத்துவிட்டார். ஆக எனக்குப் பந்து இந்த வருஷத்தோடு சரி. கல்லூரிகளுக்குள் ஆடும் போட்டியில் எங்கள் கல்லூரி இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. எடுத்தால் இந்த வருஷம்தான் எடுக்க வேண்டும்.

தாடி வளர்க்க ஆரம்பித்திருக்கிறேன். அரிக்கிறது.

ஜூலை 6, சனி

முதல் பயிற்சி. எல்லோரும் வெறுங்கால்தான். கேப்டன் ஞானாபரணம் மட்டும் பெருவிரலில் துணி சுற்றிக்கொள்கிறான். தரங்கம்பாடிக்காரன், அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். குரல் மணிக்கூண்டுக்குக் கேட்கும். இன்றைக்கு அந்தக் குரலில் என் தாடியை விசாரித்தான்.

"என்ன ஐயரே, க்ஷவரம் பண்ண ஆள் கிடைக்கலியா? சாமியாராப் போறியா?"

நான் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கோல் கீப்பர் ராமபத்திரன் எனக்காகப் பதில் சொன்னான். அவனுக்குப் பிறர் வீட்டு விஷயம் என்றால் தனி உற்சாகம்.

"அவன் ஆத்துல விசேஷம்டா. பொண்டாட்டி உண்டாயிருந்தா ஆம்படையான் க்ஷவரம் பண்ணிக்கப்படாது. மரம் வெட்டப்படாது. சமுத்திர ஸ்நானம் கூடாது."

சென்டர் பார்வர்டு ஹபீப் நாகூர்க்காரன். கவலையோடு கேட்டான், "பந்து உதைக்கலாமா?"

"சாஸ்திரத்துல பந்தைப் பத்தி ஒண்ணும் இல்லே."

"அப்பச் சரி" என்றான் ஹபீப்.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் கடலில் இறங்கினார்கள். நான் கரையில் உட்கார்ந்து அவர்கள் துணிகளுக்குக் காவல் இருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பந்தின் தையல் பிரிந்தது. தைக்கக் கொடுத்தாயிற்று. மோர்க்குழம்பு புளிப்பு.

ஜூலை 20, சனி

ரயில்வே பட்டறைக்காரர்களோடு ஆட்டம். அவர்கள் பூட்ஸ் போட்டவர்கள், நாங்கள் ஓடத் தெரிந்தவர்கள். இடைவேளைவரை நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம்.

கல்லூரிப் பியூன் அந்தோணி எலுமிச்சைத் துண்டுகள் கொண்டுவந்தான். எலுமிச்சை யார் கையிலிருந்தும் வாங்கலாம். தண்ணீர் மட்டும் அவரவர் கூஜாவில். ராமபத்திரன் துண்டை வாயில் வைத்திருந்தபோது மன்னார்குடியிலிருந்து ஒருவர் வந்து அவனுடைய சித்தப்பா காலமானதைச் சொன்னார். ராமபத்திரன் எலுமிச்சையைத் துப்பிவிட்டு நேரே குளத்துக்கு நடந்தான். தலை முழுகி ஈர வேட்டியோடு வந்து தூரத்தில் நின்றான். பத்து நாள் தீட்டு. கோல் கம்பத்தைக்கூடத் தொடமாட்டேன் என்றான்.

ஞானாபரணம் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்பா, சித்தப்பா காலையிலயே செத்துட்டாரு. அப்ப நீ நல்லாத்தானே பந்து புடிச்சே?"

"அப்போ எனக்குத் தெரியாதே."

பத்துப் பேரோடு ஆடினோம். ஹபீப் கோலுக்குள் நின்றான். நாலு கோல் வாங்கித் தோற்றோம். ராமபத்திரன் தூரத்திலிருந்தே ஹபீபுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று ராமபத்திரன் சொன்ன பதில் தலையில் சுற்றிக்கொண்டே இருந்தது. காலையில் பெருமாள் கோவில் சாஸ்திரிகளிடம் போய்க் கேட்டேன். காதில் விழாதவரை தீட்டு இல்லை, விழுந்த க்ஷணத்திலிருந்துதான் என்றார். எதற்காகக் கேட்கிறாய் என்றார். படிப்புக்கு என்றேன்.

மாலையில் குழுவைக் கூட்டி ஒரு விதி கொண்டுவந்தேன். ஆட்டம் தொடங்கியபின், விசில் ஊதி முடியும்வரை, எந்த ஆட்டக்காரனுக்கும் எந்தச் சேதியும் சொல்லக்கூடாது. சாவானாலும் பிறப்பானாலும் சேதியோடு வருபவர் கோட்டுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். அந்தோணி பிரம்போடு நின்று பார்த்துக்கொள்வான்.

ஞானாபரணம் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஐயரே, இந்த மூளையை வச்சுக்கிட்டு நீ எதுக்குத் தாலுகா கச்சேரிக்குப் போறே?"

எனக்கும் என் மூளையைப் பற்றித் திருப்திதான்.

ஆகஸ்ட் 10, சனி

விதிக்கு முதல் சோதனை. வந்தது ராமபத்திரனுக்கே. அவன் அண்ணாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்த மாமாவை அந்தோணி கோட்டோரம் நிறுத்திவிட்டான். "விசில் ஊதட்டும் சாமி. அதுவரைக்கும் வாயைத் திறக்கப்படாது. செயலாளர் ஐயா உத்தரவு." மாமா கற்கண்டில் பாதியை அந்தோணிக்கே கொடுத்துப் பார்த்தார். அந்தோணி அதை வாங்கித் தின்றுவிட்டு மறுபடி மாட்டேன் என்றான்.

இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். விசில் ஊதியதும் ராமபத்திரன் சேதி கேட்டு, சந்தோஷப்பட்டு, பிறப்புத் தீட்டுக்குத் தலை முழுகக் குளத்துக்கு ஓடினான். கூட்டம் கை தட்டியது.

ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். பிளெய்க் துரைகூடக் கேட்டுவிட்டு, 'நூதனம்' என்று தமிழில் சொன்னார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. திருவையாறு

என் மனைவி அபயத்துக்குச் சீமந்தம். ஹோமப் புகையில் என் தாடி பற்றிக்கொள்ளாதது பெரிய காரியம். நாளைக்கு அவள் தன் அண்ணா வைத்தாவோடு மாயவரம் போகிறாள். இனி பிரசவம்வரை பிறந்தகத்தில்தான். கார்த்திகையில் என்று மாமியார் கணக்கு.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தபிறகு கூடத்தில் அவள் சோழி எடுத்து வந்தாள். பதினாறு வயதாகிறது, இன்னும் சோழி. ஆடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"இதுல பதினோரு பேரை வைச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

வைத்தேன்.

"நீங்க எது?"

"இது."

"ஓரத்துலேன்னா இருக்கேள்."

"வலது ஹாஃப் ஓரத்துலதான் இருப்பான். இப்போ கிழக்கே பார்த்து ஆடறோம்னு வை, தெற்குக் கோட்டோரம் நான். பாதி ஆட்டம் ஆனதும் பக்கம் மாத்திப்போம். மேற்கே பார்த்து ஆடணும்."

அவள் சோழிகளைத் தானே திருப்பி வைத்துப் பார்த்தாள். "சாயங்காலந்தானே ஆடறேள்? அப்போ கிழக்கே பார்க்கறச்சே வெயில் முதுகுல, மேற்கே பார்க்கறச்சே கண்ணுல. முதல்ல எந்தப் பக்கம்னு யார் சொல்றது?"

"காசு சுண்டுவா. ஜெயிச்சவா சொல்றதுதான்."

"ஜெயிச்சவா முதுகைத்தான் கேப்பா."

"எல்லாரும் அப்படித்தான். பின்பாதிக்குள்ள வெயில் தணிஞ்சுடும்."

பிளெய்க் துரை இவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்.

காற்றடித்தால் குளிர்கிறது என்று நடுவில் சொன்னாள். தலைதீபாவளிக்கு மாமனார் எனக்குக் கொடுத்த சிவப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். சிவப்பு என்றால் சாதாரணச் சிவப்பு இல்லை, மிளகாய்ப் பழச் சிவப்பு. வெளியில் போட்டுக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சம்.

"இதைப் போத்திண்டு மைதானத்துல வந்து நின்னா உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு மைல்லேர்ந்து தெரியும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சால்வை அவளிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

தஞ்சாவூர்க்காரர்களை ஜெயித்தோம். மூன்றுக்கு ஒன்று. ஹபீப் இரண்டு. இறுதி ஆட்டம் அக்டோபர் 5, கும்பகோணத்தில், திருச்சிக்காரர்களோடு. அவர்களுடைய இடது விங் ஆட்டக்காரன் மகா வேகமாம். வலது ஹாஃபான நான்தான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு விருப்பந்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஒன்றும் விசேஷமில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாமனாரிடமிருந்து கடிதம். அவருக்கு மூச்சிரைப்பு மறுபடி வந்திருக்கிறது. அபயத்துக்குக் காலும் முகமும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றனவாம், தலைவலியும் இருக்கிறதாம். வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

பந்துக்குக் காற்றடிக்கும் குழாய் ரிப்பேர். இரும்புக் கடையில் காட்டினேன். நாளைக்குத் தருகிறான்.

மாமனாருக்குப் பதில் எழுதினேன். மூச்சிரைப்புக்கு ஆடாதோடைக் கஷாயம் நல்லது.

அக்டோபர் 4, வெள்ளி. கும்பகோணம்

காலை ரயிலில் புறப்பட்டோம். மாயவரத்தில் வண்டி மாற வேண்டும். அடுத்த வண்டிக்கு வெகு நேரம் இருந்தது. ஞானாபரணம் என் தோளைத் தட்டினான்.

"ஐயரே, உங்க மாமனார் ஊருதானே? ஒரு ஜட்கா புடிச்சுப் போயிட்டு ஓடியா. வண்டியைப் புடிச்சுக்கலாம்."

"போனா மாமியார் இலை போடாம விடமாட்டா. வண்டி போயிடும். நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் போறேன், கோப்பையையும் காட்டலாம்."

"அதுவும் சரிதான்" என்றான்.

பிளாட்பாரத்தில் இட்லி சாப்பிட்டோம். ராமபத்திரனும் நானும் தனியாகத் தள்ளி உட்கார்ந்து, கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். 'சாப்பிட்டோம்' என்று பொதுவாக எழுதிவிட்டேன், இட்லி மற்றவர்கள்.

அக்டோபர் 5, சனி. கும்பகோணம் ரயில் நிலையம்

ஜெயித்தோம். ஒன்றுக்குச் சைபர்.

ஒழுங்காக எழுத வேண்டும். நேரம் நிறைய இருக்கிறது. மாயவரம் போகும் அடுத்த வண்டி விடியற்காலையில்தான்.

நல்ல கூட்டம். மரங்களின் மேலெல்லாம் ஆள். காசு சுண்டியதில் எங்களுக்கு விழுந்தது. ஞானாபரணம் கிழக்கு நோக்கி ஆடத் தீர்மானித்தான். நான் தெற்குக் கோட்டோரம். திருச்சியின் விங் ஆட்டக்காரன் ஒல்லியான பையன், வேகம் சொன்னது போலவே இருந்தது. முதல் மூன்று தடவையும் அவனிடமிருந்து பந்தைப் பிடுங்கினேன். நான்காம் தடவை பிடுங்கி நிமிர்ந்தபோது கோட்டுக்கு வெளியே, எனக்கு எதிரில், சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டு வைத்தா நின்றிருந்தான். அந்தோணி பிரம்பைக் குறுக்கே நீட்டி அவனோடு பேசிக்கொண்டிருந்தான்.

மாமனாரின் மூச்சிரைப்பு முற்றியிருக்கும் என்று நினைத்தேன். மாமனார் போனால் மருமகனுக்கு மூன்று நாள் தீட்டு. கேட்டால் ஆட முடியாது. பத்துப் பேரோடு திருச்சியை ஜெயிக்க முடியாது. கார்த்திகைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் வேறு சேதியாக இருக்க நியாயமில்லை.

இடது ஹாஃப் மாசிலாமணியிடம் ஓடி, பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று காரணம் சொன்னேன். அவன் நல்ல பையன், உடனே தெற்கே போய்விட்டான். ஞானாபரணம் பின்னாலிருந்து கத்தினான். "யோவ் ஐயரே, வெயில் முதுகுலல்லய்யா இருக்கு?" நான் கேட்காதது போல் ஓடினேன்.

அந்த ஒல்லிப் பையன் மாசிலாமணியை இரண்டு தடவை ஏமாற்றிக்கொண்டு போனான். ராமபத்திரன் பாய்ந்து பிடித்தான்.

இடைவேளையில் மைதானத்தின் நடுவிலேயே நின்று எலுமிச்சை சாப்பிட்டோம். அந்தோணி துண்டுகளை என் கையில் கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "சாமி, உங்க மச்சினர் அவசரம்ங்கறாரு. நான் உத்தரவைச் சொன்னேன். என்னான்னு எங்கிட்டச் சொல்லச் சொன்னேன், அதுக்கும் மாட்டேங்கறாரு. விடட்டுங்களா?"

ஞானாபரணம் என்னைப் பார்த்தான். "போய்க் கேட்டுட்டு வா. என்ன ஆனாலும் பாத்துக்கலாம்."

"விசில் ஊதட்டும்" என்றேன்.

"உன் விதிதான்" என்றான்.

பின்பாதியில் மேற்கு நோக்கி ஆடினோம். வலது ஹாஃபின் இடம் இப்போது வடக்கே, ஆகையால் என் இடத்துக்கே திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சால்வை கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குக் கோட்டுக்கு வந்தது. மறுபடி மாசிலாமணியிடம் போனேன். இந்தத் தடவை வெயில் உண்மையிலேயே கண்ணில் அடித்தது. வைத்தா கையைத் தூக்கினான், சால்வையின் முனையைத் தூக்கினான். கூப்பிடவில்லை. ஹபீப் கோல் போட்டபோது எல்லோரும் குதித்தார்கள், நானும் குதித்தேன். சற்றைக்கெல்லாம் மாயவரம் வண்டி ஊதிக்கொண்டு புறப்பட்டது, மைதானத்திலிருந்தே புகை தெரிந்தது. அப்போது வைத்தா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விசில் ஊதியது. என்னைத் தூக்க வந்தார்கள். விலக்கிவிட்டு அவனிடம் போனேன்.

"மாமாவுக்கா?" என்று கேட்டேன்.

"அப்பா நன்னாத்தான் இருக்கார், மாப்பிள்ளே. அபயத்துக்கு நேத்து ராத்திரி வலி கண்டுடுத்து. மாசம் ஆகலை. மருத்துவச்சி தன்னால ஆகாதுன்னுட்டா. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூப்பிடணும்னு அம்மா அழறா. மாப்பிள்ளை வார்த்தை இல்லாம வெள்ளைக்காரச்சி கையில பொண்ணைக் கொடுக்க மாட்டேன்னு அப்பா பிடிவாதமா நிக்கறார். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த வண்டியிலேயே போயிருப்பேன். பிரசவ விஷயத்தைக் கூட்டத்துல எப்படிக் கூவறது?"

"சரி" என்றேன். அவனிடம் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அது தீட்டுச் சேதியே இல்லை. யாரும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. கேட்டிருந்தால் 'சரி' என்று சொல்லிவிட்டு ஆடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஸ்டேஷனில் தந்தி கொடுத்தோம். மாயவரத்தில் காலையில்தான் பட்டுவாடா செய்வார்களாம். ஜட்காக்காரர்கள் குதிரை அவ்வளவு தூரம் தாங்காது என்கிறார்கள். வைத்தா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறான். சால்வையைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறான்.

அக்டோபர் 6, ஞாயிறு. மாயவரம்

ஆண் குழந்தை. நேற்று விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துப் பிறந்து, கொஞ்ச நேரம் இருந்தது. விடிவதற்குள் காவேரிக் கரைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நான் வந்தபோது வாசலில் சாணம் தெளித்திருந்தது.

இருட்டியபிறகு மாமியார் யாரையும் கேட்காமல் டாக்டரம்மாவுக்கு வண்டி அனுப்பியிருக்கிறாள். அதனால் அபயம் பிழைத்தாள். ஜுரம் இருக்கிறது. உள்ளே போகக் கூடாது, கதவிடுக்கில் அவள் கை மட்டும் தெரிந்தது.

டாக்டரம்மா மத்தியானம் வந்தாள். தமிழ் நன்றாகப் பேசுகிறாள். "பொழுதோட கூப்பிட்டிருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்கலாம்" என்று மாமனாரிடம் சொன்னாள். மாமனார் என்னைப் பார்த்தார். பாவம், அவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் வைத்தா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஆத்துல எல்லார்கிட்டயும், கூட்டத்துல உங்களைக் கண்டே பிடிக்க முடியலேன்னு சொல்லிட்டேன், மாப்பிள்ளே. நீங்களும் அப்படியே சொல்லிடுங்கோ."

தலையாட்டினேன்.

அக்டோபர் 7, திங்கள்

ஜுரம் இறங்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

ஜுரம் இறங்கியது. கஞ்சி குடித்தாளாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

தீட்டு கழிந்தது. நாவிதர் வந்து தாடியை எடுத்தார். முகம் சின்னதாகிவிட்டது. மாலை வண்டியில் நாகப்பட்டினம்.

அக்டோபர் 16, புதன். நாகப்பட்டினம்

விடுதி வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் பையன்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் தாடியைத்தான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆணா, பொண்ணா?" என்று ஹபீப் கேட்டான்.

"ஆண்" என்றேன்.

அது பொய்யில்லை. லட்டு கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன், எல்லோரும் தின்றார்கள். ஞானாபரணம் மட்டும் தின்னவில்லை. எல்லோரும் போனபிறகு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். அவனிடம் மட்டும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது லட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான்.

பிளெய்க் துரை வகுப்பில் கோப்பையைப் பற்றிப் பேசினார். என் விதியை அடுத்த வருஷக் குழுவும் அனுசரிக்க வேண்டும் என்றார். கை தட்டினார்கள்.

அக்டோபர் 28, திங்கள்

மழை. பந்துகளைத் துடைத்து எண்ணெய் தடவி அலமாரியில் வைத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி. மாயவரம்

தீபாவளி. காலையில் எண்ணெய் வைத்தார்கள், புது வேட்டி தந்தார்கள். பட்டாசு வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். தெருவில் மற்ற வீடுகளில் வெடித்தார்கள்.

மத்தியானம் அபயம் இரண்டாம் கட்டுக் கதவருகே வந்து உட்கார்ந்தாள். நான் கூடத்துத் தூணருகே. அவளோடு பேசுவது ஆகஸ்டுக்குப் பிறகு இன்றைக்குத்தான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, கண்கள் பெரிதாகத் தெரிகின்றன. மடியில் சிவப்புச் சால்வை.

"ஜெயிச்சேளாமே" என்றாள்.

"ஆமாம்."

"கோப்பை எவ்வளவு பெரிசு?"

கையால் காட்டினேன். இவ்வளவுதானா என்றாள்.

"உங்க மூக்குதான். அம்மா வேணா கேட்டுப் பாருங்கோ. கண்ணைத் திறந்து பார்த்துது."

அவள் சால்வையின் ஓரத்து நூலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா கிளம்பறச்சே நான்தான் இதை எடுத்துக் கொடுத்தேன். அந்த வலியிலயும் ஞாபகம் இருந்துது பாருங்கோ. ஆயிரம் பேர் இருந்தாலும் இதைப் போத்திண்டு போ, அவருக்குத் தெரியும், ஒரு மைல்லேர்ந்து தெரியும்னு சொல்லியிருக்கார்னேன்."

"கூட்டம்" என்றேன்.

"அண்ணாவும் அதையேதான் சொன்னான்." என் முகத்தைப் பார்த்தாள். "சாயங்கால வெயில் வேற. கண்ணைக் கூசியிருக்கும்."

"ஆமாம், வெயில்."

அதோடு விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அல்லது விட்டிருக்க மாட்டாளோ, தெரியவில்லை.

"அண்ணா வந்தப்போ ஆட்டம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரந்தான் ஆயிருந்துதாம்" என்றாள். "அன்னிக்குக் காசு சுண்டினதுல யாருக்கு விழுந்தது?"

"எங்களுக்குத்தான்" என்றேன். ஒன்றும் யோசிக்காமல், பெருமையாகக்கூடச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் ஆகஸ்டு மாதத்துச் சோழிகளும், 'ஜெயிச்சவா முதுகைத்தான் கேப்பா' என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தன.

அவள் விரல் நூலைத் திருகுவதை நிறுத்தியது. தரையில் கிழக்கையும் மேற்கையும் அவள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மாமியார் அடுக்களையில் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டினால் தேவலை, அழுதால் தேவலை என்று இருந்தது.

சால்வையை நாலாக மடித்து, எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"இது உங்களோடதுதானே. எடுத்துண்டு போங்கோ" என்றாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உள்ளே போனாள். இரவல் பொருளைத் திருப்பித் தருகிற மரியாதை அவள் குரலில் இருந்தது. நான் அழுதேன். மாமியார் தீபாவளி மருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

மருந்தைச் சாப்பிட்டேன். சால்வை இன்னும் அங்கேயே இருக்கிறது.